நாளைக்கு வந்துடுவேன், வைங்க

என் பெண் மீனு போன வாரம் ஆபீஸ் வேலையாகப் பாரிஸுக்குப் போனாள். போன இடத்திலிருந்து ஒரு படம் அனுப்பினாள். வெள்ளைச் சுவர், பச்சை ஓடு, முற்றத்தின் நடுவில் தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் நீலமும் பச்சையுமாகப் பொடிக்கல் பதித்த தூண்கள். கீழே ஒரே ஒரு வரி. "அம்மா, ஹேவ் வீ பீன் ஹியர்?"

நான் அப்போது நியூஜெர்சி வீட்டு அடுக்களையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். போயிருக்கிறோம்டி கண்ணு, உனக்கு அப்போது மூன்று வயது, அந்தத் தொட்டியில் கையை விட்டு அளைந்து என் சுடிதாரையெல்லாம் நனைத்தாய் என்று எழுதத் தொடங்கினேன். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு "எஸ்" என்று மட்டும் அனுப்பினேன். அவள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். இந்தக் காலத்தில் தாயும் மகளும் பேசிக்கொள்வது இவ்வளவுதான். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். கத்தரிக்காய் கறுத்தால் கறுத்துவிட்டுப் போகட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் இதே நியூஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் ஓர் அபார்ட்மெண்டில் இருந்தோம். செங்கல் கட்டடம், நடுவில் வெளிச்சமே இல்லாத நீளமான நடை, அதில் ஒரு பழைய கம்பளம். மொத்தக் கட்டடத்தின் தாளிப்பும் அந்தக் கம்பளத்தில்தான் போய்த் தங்கும். கதவைத் திறந்து மூச்சை இழுத்தால் போதும். யார் வீட்டில் இன்று வெந்தயக் குழம்பு, யார் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டு பீட்சா வாங்கிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரு சனிக்கிழமை அந்த நடையில் கருவாடு மணத்தது. ஆத்தாடி, அது என்ன மணம்! கோடி வீட்டு ஆன்ட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு மேனேஜரிடம் புகார் சொல்லக் கிளம்பினார். நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மோப்பம் பிடித்தபடியே போய் ஒரு கதவைத் தட்டினேன். மதுரைக்காரிக்குச் சோற்று விஷயத்தில் என்ன வெட்கம்.

கதவைத் திறந்தவன்தான் நஸீர். கீழக்கரைப் பையன். என்னைவிட நாலைந்து வயது இளையவன். கல்யாணம் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் சேகர் வேலை பார்த்த கம்பெனியிலேயே அவனும் ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. தட்டோடு நிற்கிறவளைப் பார்த்துப் பதறி, "சாரிங்க, ஜன்னல தெறந்துதான் வெச்சேன்" என்றான். "ஜன்னல மூடு தம்பி, வாசன வீணாப் போகுது" என்றேன். அன்றிலிருந்து நான் அவனுக்கு அக்கா.

அவன் வந்து உட்கார்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அவனுடைய வாப்பாவிடம்தான் போய் நிற்கும். அப்பாவை அவர்கள் ஊரில் வாப்பா என்பார்கள், அம்மாவை உம்மா. வாப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாப்பா விளக்கு வீணாக எரிந்தால் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவார். வாப்பா மீன்காரியிடம் பேரம் பேசினால் மீன்காரி அழுதுவிடுவாள், வீட்டுக்கு வந்ததும் பாவம் என்று மிச்சக் காசைக் கொடுத்தனுப்புவார். இப்படியே போகும். கீழக்கரைக்கு ஒரு முறைகூடப் போகாத எனக்கு அந்த மனிதரின் செருப்புச் சத்தம்கூடத் தெரியும் போல ஆகிவிட்டது. "ஒரு போட்டோ காட்டேன், பாப்போம்" என்று ஒரு நாள் கேட்டேன். இல்லை என்றான். வாப்பா போட்டோவுக்கு நிற்க மாட்டார். அது மார்க்கத்தில் ஆகாது என்பது அவருடைய பிடிவாதம். ஊரில் மற்றவர்கள் கல்யாணத்துக்குக் கல்யாணம் வீடியோவே எடுத்தார்கள், இவர் மட்டும் கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுவாராம்.

"ஓட்டுப் போடுற கார்டுல ஒண்ணு இருக்குக்கா. அத வேணா வாப்பான்னு சொல்லிக்கலாம். அந்த போட்டோவ வெச்சு எங்க ஊர்ல யாரையும் கண்டுபிடிக்க முடியாது" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். என் வாக்காளர் அட்டையில் இருக்கிறவளுக்கு மீசை இருக்கும்.

அவன் ஊருக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஏன் போகவில்லை என்று அந்தக் காலத்து அமெரிக்கத் தமிழர் யாரும் யாரையும் கேட்க மாட்டோம். க்ரீன் கார்டு. அதற்கு அப்ளை பண்ணிவிட்டுக் காத்திருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போக வேண்டுமானால் திரும்பி வருவதற்கென்று ஓர் அனுமதிப் பேப்பர் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் விமானம் ஏறினால் அத்தனை வருஷக் காத்திருப்பும் அம்போ. "அடுத்த வருஷம் வந்துடுறேன் வாப்பா" என்று இவனும் ஒவ்வொரு ரமலானுக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் வாப்பா படுத்துவிட்டார். முதலில் காய்ச்சல் என்றார்கள், பிறகு சிறுநீரகம் என்றார்கள், பிறகு ஒன்றுமே சொல்லாமல் "நீ வந்துட்டுப் போ" என்றார்கள். நஸீர் அந்தப் பேப்பருக்கு அப்ளை பண்ணிவிட்டுக் காத்திருந்தான். அந்த நாட்களில் எங்கள் நடையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் குட் மார்னிங் கிடையாது, "நஸீருக்குப் பேப்பர் வந்துச்சா?" என்பதுதான். கருவாட்டுக்குப் புகார் சொன்ன ஆன்ட்டிகூடக் கேட்டார். அவன் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்து, கையை உள்ளே விட்டுத் துழாவியும் பார்ப்பான். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒரு மனிதன் தன் அப்பனைப் பார்க்கப் போவதற்கு யாரோ முகம் தெரியாத ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து முத்திரை குத்த வேண்டும்! என்ன பிழைப்பு அது.

மே மாதத்தில் பேப்பர் வந்தது. அந்த வாரமே மீனுவைத் தூக்கிக்கொண்டு நானும் மதுரைக்குப் போவதாக இருந்தேன். அப்போதெல்லாம் துணை என்று ஒரு ஏற்பாடு உண்டு. பெண்டு பிள்ளைகளோ, வயதான அப்பா அம்மாவோ தனியாக விமானம் ஏறினால், அதே விமானத்தில் யார் போகிறார்கள் என்று ஊரெல்லாம் போன் போட்டுக் கேட்டு அவரோடு கோத்து விடுவார்கள். சேகர் நஸீரைப் பிடித்துக்கொண்டார். "அக்காவுக்கும் கொழந்தைக்கும் கொஞ்சம் துணையாப் போப்பா" என்றார். யார் யாருக்குத் துணை போகப் போகிறோம் என்று எங்களுக்கு என்ன தெரியும்.

விமானத்தில் ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை. காலையில் பாரிஸில் இறங்கினோம். பம்பாய் விமானத்துக்கு நேரம் இருந்தது. வீட்டுக்குப் பேசிவிட்டு வருகிறேன் என்று போன் பூத்துக்குள் போனான். நான் மீனுவுக்கு ஆப்பிள் ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பூத்துக்குள் ஆள் இல்லை. கிட்டே போனேன். உள்ளேயே தரையில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது, அங்கே விடிகாலை சுபுஹுத் தொழுகை நேரத்தில், வாப்பா மௌத்தாகிவிட்டார்.

அவர்கள் வழக்கத்தில் காலையில் இறந்தால் சாயங்காலத்துக்குள் அடக்கிவிடுவார்கள். இறந்தவரைக் காக்க வைக்கக் கூடாது என்பார்கள். ஆனால் அவன் போனில் அக்கா புருஷனிடம் கதறியிருக்கிறான். "மச்சான், நாளைக்கு மத்தியானம் வந்துடுவேன், வைங்க. ஒரு தடவ மொகத்தப் பாத்துக்கிறேன், வைங்க மச்சான்." மச்சானும் சரி என்றிருக்கிறார். ஐஸ் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்.

போட்டோ இல்லாத மனிதர். நாலு வருஷம் பார்க்காத முகம். மண்ணுக்குள் போவதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நஸீருக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். உலகத்தில் வேறு எதையும் அவன் கேட்கவில்லை.

அப்போது பார்த்து அந்த விமான நிலையத்தில் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. பலகையில் ஒவ்வொரு வரியாகச் சிவப்பாக மாறியது. எங்கள் வரியும் மாறியது. நான் என் வாழ்க்கையில் அத்தனை கவுண்டர்களில் அத்தனை பேரிடம் கத்தியதில்லை. லண்டன் வழியாக அனுப்பு, துபாய் வழியாக அனுப்பு, சரக்கு விமானத்தில் மூட்டையோடு மூட்டையாகவாவது இவனை அனுப்பு என்றேன். எல்லோரும் தோளைக் குலுக்கினார்கள். அந்த ஊர்க்காரர்கள் தோளைக் குலுக்குவது போல எரிச்சல் ஊட்டுகிற விஷயம் உலகத்தில் கிடையாது. விமானம் நாளை மறுநாள் இருக்கலாம் என்றார்கள். இல்லாமலும் போகலாமாம்.

எங்களிடம் அந்த நாட்டுக்குள் போக விசா கிடையாது. நாற்காலியில்தான் கிடக்க வேண்டும் என்றார்கள். சாயங்காலம் மீனுவுக்கு உடம்பு சுட்டது. போலீஸ் மேஜை முன்னால் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றபோது குடித்த ஜூஸ் முழுவதையும் அந்த மேஜை மேலேயே கக்கிவிட்டாள். அதன் பிறகுதான் அங்கே இருந்த ஓர் அதிகாரிப் பெண்மணிக்கு இரக்கம் வந்தது. பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு, மூன்று பேரையும் விரலால் சுட்டி, "ஃபேமிலி?" என்றார். நான் தலையைப் பலமாக ஆட்டினேன். மீனாட்சி என்ற பெயருக்கும் நஸீர் என்ற பெயருக்கும் என்ன தூரம் என்று அவருக்கு எப்படித் தெரியும். ஹோட்டலில் தங்கிக்கொள்ள ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"அக்கா, பொய் சொல்றீங்களே" என்றான் நஸீர், அந்த நிலைமையிலும்.

"ஃபேமிலின்னுதானே கேட்டா? ஆமான்னேன். சும்மா வா" என்றேன்.

மறுநாள் காலை ஹோட்டலிலிருந்து மறுபடி பேசினான். நான் பக்கத்தில் இருந்தேன். மச்சான் பேசியது எனக்குக் கேட்கவில்லை, இவன் பேசியது மட்டும்தான் கேட்டது. "தெரியும் மச்சான்... ஜமாஅத்துல கேப்பாங்க, தெரியும்... ஐஸ மாத்துங்க... உம்மா என்ன சொல்றாங்க? உம்மா வைக்கச் சொல்றாங்கள்ல? அப்ப வைங்க. நாளன்னைக்கு வந்துடுவேன்... இல்ல மச்சான், என்னால முடியாது, எடுக்காதீங்க, சொல்லிட்டேன்!" கடைசியில் அவன் கத்தினான். அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. மீனு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "வொய் இஸ் அங்கிள் மேட்?" என்று கேட்டாள்.

கீழக்கரையில் மே மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன், "இங்க பழைய பள்ளிவாசல் ஒண்ணு இருக்காம்க்கா. ரிசப்ஷன்ல சொன்னாங்க. மத்தியானம் லுஹருக்குப் போய் தொழுதுட்டு வந்துடுறேன்" என்றான். அவன் முகம் இருந்த இருப்பில் அவனைத் தனியாக அனுப்புவதா? ஹோட்டலை விட்டு நகரக் கூடாது என்று அந்தச் சீட்டில் எழுதியிருந்ததோ என்னவோ, எனக்குத்தான் பிரெஞ்சு தெரியாதே. ஸ்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு நானும் கிளம்பினேன். ரயிலில் போனோம். பாரிஸைப் பார்க்க வேண்டும் என்று கல்லூரி நாளிலிருந்து எனக்கு ஆசை. பார்த்தேன். ஒரு பாலம், கொஞ்சம் ஆறு, நிறைய புறாக்கள். வேறு எதுவும் கண்ணில் ஏறவில்லை.

பெரிய தாவரவியல் பூங்கா ஒன்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது பள்ளிவாசல். நம் ஊர் மினாரா உருண்டையாக இருக்கும், இது சதுரமாக இருந்தது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டை போட்டுச் செத்த முஸ்லிம் சிப்பாய்களின் நினைவாகக் கட்டியது என்று பிற்பாடு படித்தேன். ஊரை விட்டு வந்து ஊர் திரும்பாமலே போனவர்கள். வாசலில் நான் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுக்கப் போனேன். "அது இருக்கட்டும்க்கா, எதுக்கு எடுக்குறீங்க" என்றான். அப்படியே விட்டுவிட்டேன்.

அவன் கைகால் கழுவி உள்ளே போனான். நான் முற்றத்தில் ஒரு தூணருகே உட்கார்ந்தேன். ஈரக் கல்லும் ஏதோ பூவும் கலந்து ஒரு வாசனை. மீனு தொட்டித் தண்ணீரை அளைந்தாள். காய்ச்சல் பிள்ளை தண்ணீரில் விளையாடுகிறதே என்று அதட்டக்கூடத் தெம்பில்லை. எவ்வளவு அழகான இடம் என்று எனக்குத் தெரிந்தது. அந்த அழகு மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அங்கே ஒரு மனிதர் ஐஸில் கிடக்கிறார், இங்கே தூணில் இத்தனை பூவேலை. சற்று நேரத்தில் நாலைந்து பேர் பச்சைத் துணி போர்த்திய ஒரு பெட்டியைத் தோளில் சுமந்து முற்றத்தைக் கடந்து உள்ளே கொண்டுபோனார்கள். யாருக்கோ ஜனாஸா, இறுதித் தொழுகை.

இந்த இடத்தில் மதுரையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருக்கோடியில் ஒரு பள்ளிவாசல் உண்டு. சாயங்காலத் தொழுகை முடிகிற நேரம் அதன் வாசலில் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். பயந்த பிள்ளை, காய்ச்சல் பிள்ளை, சோறு உண்ணாத பிள்ளை. தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் வாய்க்குள் ஓதி ஒவ்வொரு பிள்ளையின் முகத்திலும் ஊதிவிட்டுப் போவார்கள். என் அம்மா நெற்றி நிறையக் குங்குமத்தோடு என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பாள். அத்தரும் வெற்றிலையும் மணக்க ஒவ்வொரு மூச்சாக முகத்தில் வந்து படும். மறுநாள் காய்ச்சல் விட்டுவிடும். குரோசின் மாத்திரையும் கொடுத்திருப்பாள், அது வேறு கதை. ஆனால் வாசலோடு சரி. பள்ளிவாசலுக்குள் நான் கால் வைத்தது பாரிஸில்தான்.

உள்ளே தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். நான் யோசிக்கவே இல்லை. மீனுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே போய் அவள் முகத்தை முன்னால் நீட்டியபடி நின்றுவிட்டேன். என் அம்மா எப்படி நிற்பாளோ அப்படி.

வந்தவர்கள் எல்லாம் வட ஆப்பிரிக்கப் பக்கத்து மனிதர்கள். ஒருவர் மீனுவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். ஒருவர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். ஒரு பெரியவர், நீளக் கோட்டுப் போட்டவர், நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பையில் கையை விட்டு ஒரு காசை எடுத்து என் உள்ளங்கையில் அழுத்திவிட்டு நடந்தார். அடக் கொடுமையே! நியூஜெர்சியில் நான் ப்ராஜெக்ட் லீடர் ஐயா! பிச்சைக்காரி என்று நினைத்துவிட்டார். வெட்கத்திலும் கோபத்திலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் நஸீர் வெளியே வந்தான். என்னைப் பார்த்தான், நீட்டிய பிள்ளையைப் பார்த்தான், உள்ளங்கையில் இருந்த காசைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஊத நிக்கிறீங்களாக்கா?"

"ஆமா. ஒருத்தருக்கும் தெரியலையே."

"இங்க அந்தப் பழக்கம் கெடையாதுக்கா" என்றான். சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது. ஊர்ச் செய்தி கேட்டதிலிருந்து அவன் அழுது நான் பார்க்கவில்லை. அழுதுகொண்டே மீனுவின் நெற்றியில் கை வைத்து ஓதத் தொடங்கினான். நடுவில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஓதினான். முடித்து அவள் முகத்தில் மெதுவாக ஊதினான். மீனு கண்ணைச் சிமிட்டி, "இட்ஸ் டிக்ளிஷ்" என்றாள்.

"எங்க ஊர்ல வாப்பாதான்க்கா ஊதுவாங்க. தொழுதுட்டு வெளிய வந்தா வரிசையா நிப்பாங்க. வாப்பா ஒரு புள்ளயையும் விட மாட்டாங்க. எனக்குப் பசிக்கும். வாங்க வாப்பா, வாங்க வாப்பான்னு சட்டையப் புடிச்சு இழுப்பேன். காத்துக்கிட்டிருக்கிறவங்கள விட்டுட்டு வரக் கூடாதுன்னு திட்டுவாங்க."

முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். பிறகு உள்ளே நடந்ததைச் சொன்னான். அந்தப் பெட்டியில் இருந்தவர் அல்ஜீரியாக்காரர். ஊருக்குக் கொண்டுபோய் அடக்க வேண்டும் என்று குளிர் அறையில் வைத்துவிட்டு விமானத்துக்காகக் காத்திருந்தார்களாம். அதே வேலைநிறுத்தம். போதும் என்று இன்று இங்கேயே அடக்கப் போகிறார்கள். அவருடைய மகன் நஸீருக்குப் பக்கத்தில்தான் தொழுகையில் நின்றாராம்.

"வாப்பாவ எனக்காகத்தான் வெக்கச் சொல்றேன், இல்லக்கா? அவங்களுக்காக இல்ல."

"ஐயோ தம்பி" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் உங்களுக்கு வேறு ஏதாவது சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள், இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன்.

பூங்கா வாசலில் ஒரு போன் பூத் இருந்தது. கதவைக்கூட மூடாமல் பேசினான். "மச்சான், எடுத்துருங்க... ஆமா. நான் வர மாட்டேன்... இல்ல, வருவேன், அதுக்குக் காக்க வேணாம். இன்னிக்கே எடுத்துருங்க. உம்மாகிட்ட நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க." பிறகு, "தூக்கும்போது போன வாசப்பக்கம் இழுத்து வெச்சுருங்க மச்சான். நான் கூப்பிட்டதும் எடுத்து, ரிஸீவர மாட்டாம அப்படியே கீழ வெச்சிருங்க, கேட்டுக்கிறேன். நான் திரும்பப் பேசுறேன்" என்றான்.

அங்கே மஃரிபு, சாயங்காலத் தொழுகை, முடிந்ததும் தூக்குவதாகச் சொன்னார்களாம், அதுவரை நாங்கள் அந்தப் பூத்தைச் சுற்றியே நடந்தோம். மீனு புறாக்களைத் துரத்தினாள். இரண்டாவது முறை அவன் உள்ளே போனபோது கதவை மூடிக்கொண்டான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அவன் ஒன்றும் பேசவில்லை. ரிஸீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, அடுத்த காதை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, நெற்றியைக் கண்ணாடியில் முட்டி நின்றான். ரொம்ப நேரம் நின்றான். பிறகு சட்டென்று நிமிர்ந்து ஏதோ சொன்னான். மறுபடி சொன்னான். ரிஸீவரைப் பார்த்தான். மாட்டிவிட்டு வெளியே வந்தான்.

"தூக்கிட்டாங்கக்கா. கலிமா சொல்லிக்கிட்டே போனாங்க, தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் பொம்பளைங்க அழுறது மட்டும் கேட்டுச்சு. அப்புறம் ஒரு புள்ள போன எடுத்து யாருன்னு கேட்டுச்சு. லாத்தா மகளா இருக்கும், நான் வந்தப்புறம் பொறந்தது. நஸீர் மாமான்னேன். அப்படி யாரும் இங்க இல்லன்னு சொல்லி வெச்சிருச்சு."

லாத்தா என்றால் அக்கா. அந்தக் குழந்தைக்கு மீனு வயதுதான் இருக்கும்.

விமானம் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. பம்பாயில் இறங்கி மதுரை வரை ஒன்றாகப் போனோம். அவன் காரில் கீழக்கரைக்குப் போனான். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, "என்ன தம்பி, கபுரப் பாத்தியா?" என்று கேட்டேன். "காட்டுனாங்கக்கா" என்றான். பெயர் எழுதும் வழக்கம் இல்லை, ஒரு மேடு, பக்கத்தில் இன்னொரு புது மேடு. மச்சான் இதுதான் என்றார், நான் சரி என்றேன் என்றான். அதன் பிறகு அவன் வாப்பா கதை பேசவே இல்லை. நானும் கிளறவில்லை. கருவாடு மட்டும் பழையபடி மணத்தது.

நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் விழுந்த அந்த செப்டம்பருக்குப் பிறகு எல்லாம் தலைகீழாகிப்போனது. ஆபீஸில் ஆட்களைக் குறைத்தார்கள். அந்தக் கடைசி மாதங்களில், அத்தனை பாடுபட்டு வாங்கிய க்ரீன் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடையில் பால் வாங்கப் போனாலும் முறைக்கிறார்கள் அக்கா என்பான். அந்த வருஷம் முடிவதற்குள் ஊருக்கே போய்விடுகிறேன் என்று கிளம்பிவிட்டான். சேகர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மீன் வறுக்கிற இரும்புச் சட்டியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

இப்போது அந்தக் கட்டடத்துக்குப் புது வண்ணம் அடித்துவிட்டார்கள். கம்பளத்தைப் பிய்த்துவிட்டு மரத்தரை போட்டிருக்கிறார்கள். ஒரு வாசனையும் கிடையாது. போன் பூத் கிடையாது. துணை தேடிப் போன் போடுகிறவர்களும் கிடையாது. நஸீர் கொடுத்த கீழக்கரை நம்பருக்கு முன்னால் ஏதோ இலக்கம் சேர்ந்து, பிறகு மாறி, பிறகு அப்படி ஒரு நம்பரே இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது.

அவன் கடைசியாக என்னிடம் பேசியது கிளம்பிய அன்று, நூவர்க் விமான நிலையத்திலிருந்து. சோதனையெல்லாம் முடிந்து உட்கார்ந்திருக்கிறேன் அக்கா என்றான். நல்லபடியாகப் போ, உம்மாவைக் கேட்டதாகச் சொல்லு என்றேன். சரி என்றான். போனை வைக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நான் உங்ககிட்ட வாப்பாவப் பத்தி நெறயப் பேசியிருக்கேன்ல?"

"ஆமா தம்பி. நெறய."

"அவங்க பாக்க எப்படி இருப்பாங்கன்னு எப்பவாவது சொல்லியிருக்கேனா? மூக்கு, கண்ணு, எதுனா? யோசிச்சுச் சொல்லுங்கக்கா. எனக்கு வர மாட்டேங்குது."

நான் நன்றாக யோசித்தேன். கோபம் தெரியும், பேரம் தெரியும், செருப்புச் சத்தம் தெரியும். சட்டையைப் பிடித்து இழுத்தால் திட்டுவார் என்றுகூடத் தெரியும். பின்னால் விமானத்துக்கு அழைக்கும் அறிவிப்பு கேட்டது. அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"இல்ல தம்பி" என்றேன். "அது மட்டும் நீ சொன்னதில்ல."